தொரப்பள்ளியில் பிறந்தவரும் இரங்கலுரை மரபும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப்புறச் சிற்றூர். பிற்காலத்தில் நாடெங்கும் ராஜாஜி என்று அறியப்பட்ட சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10 அன்று இவ்வூரில்தான் பிறந்தார். அவருடைய தந்தை சக்கரவர்த்தி ஐயங்கார் ஊரின் கிராம முன்சீப்பாக இருந்தவர். கிராம முன்சீப்பு என்பது நிலவரி வசூலையும் சிறு வழக்குகளையும் கவனித்த, ஊருக்கும் அரசுக்கும் நடுவில் நின்ற பதவி. அன்று சேலம் மாவட்டத்தின் வடகோடியில் இருந்த இப்பகுதி 1965இல் தருமபுரி மாவட்டத்திலும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டைகளும் சரக்கு வண்டிகளும் பெருகிய பின்னும் அவர் பிறந்த வீடு அரசின் நினைவில்லமாகப் பேணப்பட்டு வருகிறது. ராஜாஜியின் வாழ்வைப் பற்றி எழுதியோர் அவருடைய அரசியல் முடிவுகளையே பெரிதும் விவாதித்திருக்கிறார்கள். நாடு துயரத்தில் ஆழ்ந்த வேளைகளில் அவரும் அவர் காலத்துத் தலைவர்களும் என்ன பேசினார்கள், அந்தப் பேச்சை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வி அதே அளவுக்கு ஆராயப்படவில்லை. அந்தக் கேள்விக்குரிய சான்றுகளில் பெரும்பகுதி தொரப்பள்ளியில் பிறந்த இந்த மனிதரைச் சுற்றியே கிடைக்கிறது.

இரங்கலுரை என்பது, ஒரு பெரியவர் மறைந்தபோதோ, விபத்திலோ வன்முறையிலோ பலர் மாண்டபோதோ, பொறுப்பில் இருக்கும் ஒருவர் மக்கள் முன் நின்று பேசுகிற பேச்சு. தமிழ்நாட்டில் அதற்கென்று நிலைபெற்ற வடிவங்கள் உண்டு. சட்டமன்றத்தில் பேரவைத் தலைவர் இரங்கல் குறிப்பையோ தீர்மானத்தையோ வாசிக்க, உறுப்பினர்கள் எழுந்து மௌனம் காப்பார்கள்; கட்சிகள் மௌன ஊர்வலம் நடத்தும்; பின்னர் படத்திறப்பு விழாவில் பல கட்சித் தலைவர்களும் ஒரே மேடையில் பேசுவார்கள். இவற்றுள் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் வழக்கம் முதல் உலகப் போருக்குப் பின் 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டதிலிருந்து பரவியது. பேச்சு மட்டும் இம்மண்ணின் பழைய சொத்து. மேடைத்தமிழ் செழித்த நாட்டில் இரங்கலுரையை அதன் அடுக்குமொழிக்காகவும் குரலின் தழுதழுப்புக்காகவும் மெச்சுவது இயல்பாகிவிட்டது. எனினும் கேட்டவர்களை அழவைத்த பேச்சு நல்ல பேச்சு என்று முடிவுகட்டுவது வரலாற்றுக்குப் போதாது. அழுகை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதை வரவழைக்கத் தலைவர் தேவையில்லை. சாவுக்குக் காரணம் என்ன என்பதை அந்தப் பேச்சு மறைக்காமல் சொன்னதா, எஞ்சி உயிரோடு இருப்பவர்களுக்கு அது காவலாக நின்றதா என்பவையே முதலில் கேட்கத்தக்கவை.

இந்த அளவுகோல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதும் அன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரங்கள் தமிழகத்திலேயே நடுகற்கள் மிகுந்து கிடைக்கும் நிலப்பகுதி. நடுகல் என்பது போரிலோ பூசலிலோ இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நினைவுக்கல். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் இவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது, பல்லவர் காலம் முதலான வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஏராளமாக அறியவந்தன. ஓசூர்ப் பக்கம் செல்லச் செல்லக் கன்னட எழுத்துடைய கற்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு கல்லின் வாசகம் பெரும்பாலும் சில வரிகளுக்குள் முடிந்துவிடும். எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு, எந்த ஊர், எவர் படையெடுத்து வந்தார், எவருடைய தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்கச் சென்று இன்னார் மகன் இன்னான் பட்டான் என்று அது கூறும். புலியோடு போரிட்டு மாண்டவனுக்குப் புலிகுத்திப்பட்டான் கல் என்றே பெயர். கீழே வீரனின் உருவம், கையில் வாள் அல்லது வில், சில கற்களில் அவன் உடலில் தைத்து நிற்கும் அம்புகள். புகழ்மொழி அங்கே மிகக் குறைவு, சில கற்களில் அறவே இல்லை. செத்தவன் யார், எதனால் செத்தான், யாருக்காகச் செத்தான் என்ற செய்திகளைக் கல்வெட்டுக்காரர் விடாமல் பொறித்தார். காரணம் சொல்லப்படாத நினைவுக்கல்லை அவ்வூர்க்காரர்கள் அரைகுறை என்றே கருதியிருப்பார்கள்.

இதே நிலத்தின் பழைய தலைநகரான தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆதரித்தவன் இறந்தபின் செயலற்று நிற்கும் நிலையைப் பாடும் இத்துறையைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்று வகுத்தது. அப்பாடல்களின் அழகைப் பலரும் எடுத்துரைத்திருக்கிறார்கள். இங்கே கருதத்தக்கது வேறொன்று. அதியமானின் சாவால் தனக்கு நேர்ந்த இழப்போடு ஔவை நின்றுவிடவில்லை. அவன் கொடையை நம்பி வாழ்ந்த பாணரும் புலவரும் சுற்றமும் இனி என்ன ஆவார்கள் என்ற கவலை அவர் பாடல்களில் முன்னிற்கிறது. இறந்தவனைப் பாடும்போதும் அவர் பார்வை எஞ்சியிருப்போர் மேலேயே தங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியத் தலைவர்களின் இரங்கலுரைக்கு வந்த மிகக் கடுமையான சோதனை 1948 ஜனவரி 30. அன்று மாலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில், தில்லி பிர்லா மாளிகையின் வழிபாட்டுத் திடலில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிவினைக் கலவரங்களின் புண் ஆறாதிருந்த நேரம் அது. சுட்டவன் ஒரு முஸ்லிம் என்ற வதந்தி அங்கேயே கிளம்பிவிட்டது. அது ஊர் ஊராகப் போயிருந்தால் எத்தனை ஆயிரம் உயிர்கள் பலியாகியிருக்கும் என்று கணக்கிட முடியாது. அகில இந்திய வானொலி தன் முதல் அறிவிப்பிலேயே கொலைகாரன் ஓர் இந்து என்பதைச் சேர்த்துச் சொன்னது. அந்த ஒரு சொல் அன்றைய இரவின் மிகப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு. பிறகு நேரு வானொலியில், எழுதிவைத்துக்கொள்ளாமல், பேசினார். ஒளி அணைந்தது என்று அவர் தொடங்கியதும், சற்றுப் பொறுத்து அப்படிச் சொன்னது தவறு என்று தம்மையே திருத்திக்கொண்டதும் உலகெங்கும் மேற்கோளாகிவிட்டன. அதே உரையின் நடுப்பகுதி அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை: கொன்றவன் ஒரு பித்தன் என்று அவர் கூறியதும், நாட்டில் பரவியிருக்கும் நஞ்சை எதிர்க்க வேண்டும், ஆனால் சினத்தால் வன்முறையில் இறங்கக் கூடாது என்று வேண்டியதும், இறுதிச் சடங்கின் நேரத்தையும் ஊர்வலம் செல்லும் வழியையும் விளக்கியதும் அப்பகுதியில்தான் உள்ளன. நேருவைத் தொடர்ந்து படேலும் பேசினார். அரசின் முதல் இரு அமைச்சர்களுக்குள் கருத்து வேறுபாடு முற்றியிருந்ததை நாடே அறிந்திருந்த நிலையில், இருவரும் ஒரே இரவில் ஒரே வானொலியில் ஒரே வேண்டுகோளை வைத்ததற்குத் தனி மதிப்பு உண்டு.

எனினும் அந்தப் பேச்சுகள் எல்லா இடத்திலும் கையைத் தடுக்கவில்லை. சுட்ட நாதுராம் கோட்சே புனேயைச் சேர்ந்த சித்பாவன் பிராமணர் என்பது தெரிந்ததும், மகாராஷ்டிரத்தில் புனே, சாங்லி, சாத்தாரா, கோலாப்பூர்ப் பகுதிகளில் பிராமணர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலும் அதற்கான சூழல் இல்லாமல் இல்லை. பிராமணரல்லாதார் இயக்கம் கால் நூற்றாண்டுக்கு மேல் வேரூன்றி, திராவிடர் கழகம் ஊர்தோறும் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. காந்தி கொல்லப்பட்ட மறுநாள் திருச்சி வானொலியில் அக்கழகத்தின் தலைவர் பெரியார் பேசினார். ஒரு தனிமனிதனின் வெறிச்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது, அதன் பின்னே நிற்கும் கருத்தையும் பார்க்க வேண்டும் என்ற தம் நிலையை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில் எந்த ஒரு சமூகத்தின் மீதும் மக்கள் பாயக்கூடாது, அமைதி காக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அடுத்த நாட்களில், நாட்டுக்கே காந்தியின் பெயரை வைக்கலாம் என்று எழுதவும் செய்தார். வாழ்நாள் முழுவதும் பிராமணிய எதிர்ப்பைப் பேசியவர், அந்த எதிர்ப்பு மனிதர்கள் மேல் தீயாகப் பாயக்கூடிய நாளில் வேலியாக நின்றார். சென்னை மாகாணத்தில் அத்தகைய பெருந்தாக்குதல் நிகழவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், அந்த வானொலி உரைக்கு அதில் உரிய பங்கைத் தராமல் இருப்பது நியாயமாகாது. இலக்கிய நயம் என்ற தராசில் நேருவின் உரை மேலே நிற்கும். ஆனால் தம் ஆதரவாளர்களின் சினத்துக்கே எதிராகப் பேசுவதில்தான் இரங்கலுரையின் கடினம் இருக்கிறது; அந்தக் கடினத்தை அதிகம் சுமந்தது திருச்சியிலிருந்து ஒலித்த பேச்சு.

ராஜாஜி அப்போது மேற்கு வங்கத்தின் ஆளுநர். காந்தி அவருக்குத் தலைவர் மட்டுமல்லர், சம்பந்தியும் ஆவார். ராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் 1933இல் மணந்துகொண்டவர்கள். குடும்பத் துக்கத்தையும் பதவியின் கடமையையும் ஒரே நேரத்தில் ஏற்க நேர்ந்தவர் அவர். காந்தியின் மறைவைக் குறித்து அவர் சொன்ன கருத்துகளில் ஒன்று இன்றும் வரலாற்று நூல்களில் எடுத்தாளப்படுகிறது: காந்தியின் காயங்களிலிருந்து வழிந்த இரத்தமும், செய்தி கேட்டு நாடெங்கும் பெண்கள் வடித்த கண்ணீரும் 1947இன் சாபத்தைத் தணிக்கட்டும், அந்த ஆண்டின் கொடுமை வரலாற்றில் உறங்கட்டும், இன்றைய உணர்ச்சிகளுக்கு அது நிறம் ஏற்ற வேண்டாம் என்பது அதன் சாரம். இக்கூற்றில் காந்தியின் பெருமையைப் பற்றிய அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஒரு மனிதரின் சாவை வைத்துக் கலவரத்தில் மாண்ட இலட்சக்கணக்கானோரின் சாவை நினைவுகூர்ந்து, பழிக்குப் பழி என்ற சங்கிலியை அறுக்க முயல்கிற கூற்று அது. 1947ஐ மறந்துவிடச் சொல்கிறாரோ என்ற ஐயத்துக்கு இடம் உண்டு. வரலாற்றில் உறங்கட்டும் என்பதை, பதிவில் இருக்கட்டும், பகையாக எழ வேண்டாம் என்று கொள்வதே பொருந்தும்.

சொன்னவரின் பிந்தைய செயலையும் சேர்த்து எடைபோடுவதே முறை. 1948 ஜூனில் ராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநரானார். 1949இல் கோட்சே, உடன் சதி செய்த ஆப்தே இருவரின் மரண தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. காந்தியின் மகன்கள் மணிலாலும் ராம்தாஸும் தண்டனையைக் குறைக்க வேண்டினார்கள். அரசு இசையவில்லை, ராஜாஜியும் இசையவில்லை. 1949 நவம்பர் 15 அன்று இருவரும் அம்பாலாவில் தூக்கிலிடப்பட்டனர். பழியுணர்ச்சி தணியட்டும் என்று வேண்டியவரின் கையில் அந்த முடிவு வந்து சேர்ந்தது. இதை முரண் என்று சொல்பவர்களின் வாதம் வலிமையானது. காந்தியின் கொள்கையையே அளவுகோலாகக் கொண்டால் அந்த முடிவு அதற்குப் பொருந்தவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆளும் பொறுப்பு சட்டத்தின் வழியே செல்லும், கூட்டத்தின் சினத்தின் வழியே செல்லாது என்ற எல்லையை ராஜாஜி பேச்சிலும் செயலிலும் மாற்றவில்லை என்பதும் உண்மை.

இரங்கலுரையைப் பேசிய அன்றே எடைபோடுவது பலமுறை பிழையாகியிருக்கிறது. 1863 நவம்பரில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக் கல்லறைத் திறப்பில் எட்வர்டு எவரெட் என்னும் சொற்பொழிவாளர் இரண்டு மணிநேரம் பேசினார். குடியரசுத் தலைவர் லிங்கன் இருநூற்றெழுபது சொற்களுக்கு அண்மையில் பேசி அமர்ந்தார். எதிர்க்கட்சிச் சார்புள்ள சில நாளிதழ்கள் லிங்கன் பேச்சை இகழ்ந்து எழுதின; அவற்றுள் பென்சில்வேனியா மாநில இதழ் ஒன்றின் வழிவந்த நாளேடு 2013இல்தான் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. எவரெட் மட்டும் மறுநாளே லிங்கனுக்குக் கடிதம் எழுதி, தம் இரண்டு மணிநேரம் எட்டாத மையத்தை அந்த இரண்டு நிமிடம் எட்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

பேச்சைவிடச் செயல் பெரிதாக எண்ணப்பட்ட நிகழ்வும் தமிழகத்தில் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றின் வெள்ளம் பாலத்தைக் குலைத்ததால் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் முன்பு நடந்த மெகபூப்நகர் விபத்துக்குப் பின் பதவி விலக முன்வந்து நேருவால் தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இம்முறை விலகினார். விபத்துக்கு அவர் நேரடிப் பொறுப்பாளி அல்லர், ஆயினும் அரசியல் ஒழுக்கத்தின் பொருட்டு விலகலை ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசன் பதவியில் நீடித்தார். அரியலூரின் பெயரையும் அவர் பெயரையும் மோனையாக இணைத்துத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் எழுப்பிய முழக்கம் மாநிலமெங்கும் பரவியது. 1957 தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியில் அவர் தோற்றார். இரங்கல் தெரிவித்தவர்களின் வாசகங்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை; பதவி விலகலும் முழக்கமும் மட்டும் நிலைத்துவிட்டன.

ராஜாஜி எழுதியவற்றுள் இரங்கல் என்ற வகையில் மிக உயர்ந்தது 1964 மே 27 அன்று நேரு மறைந்ததும் சுயராஜ்யா இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு. இருவருக்கும் இடையே இருந்த பகையின் அளவை முதலில் அறிய வேண்டும். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, நேரு அரசின் பொருளாதாரக் கொள்கையை அனுமதிச்சீட்டு, உரிமம், ஒதுக்கீடு ஆகியவற்றின் ஆட்சி என்று ஓயாமல் சாடியவர். மொழிப் பிரச்சினையிலும் மைய அரசோடு மோதியவர். அத்தகையவர் எழுதிய குறிப்பு இப்படித் தொடங்குகிறது: தம்மைவிடப் பதினோரு வயது இளையவர், நாட்டுக்குத் தம்மைவிடப் பதினோரு மடங்கு முக்கியமானவர், மக்களுக்குத் தம்மைவிடப் பதினொருநூறு மடங்கு அன்புக்குரியவர் என்று கணக்கை ஏற்றிக்கொண்டே போகிறார். அப்போது எண்பத்தைந்து வயதுக் கிழவர் அவர்; நேருவுக்கு எழுபத்து நான்கு. அடுத்து, தாம் கண்ட குறைகளுக்காகப் பல ஆண்டுகள் நேருவோடு போராடியதை மறைக்காமல் கூறி, அவற்றைத் திருத்தக்கூடியவரும் அவர் ஒருவரே என்பது தமக்கு எப்போதும் தெரியும், அவர் போனபின் தம் போராட்டத்தில் தாமே வலுவிழந்து நிற்பதாக எழுதுகிறார். கடைசியில் அன்பு நண்பர் என்றும், நம் எல்லாரிலும் பண்பட்ட மனிதர் என்றும் குறிப்பிட்டு, நம்மில் பண்பட்டோர் இன்னும் அதிகமில்லை என்று சேர்க்கிறார்.

இக்குறிப்பின் உயர்வு அதன் நேர்மையில் இருக்கிறது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லலாகாது என்ற உலகியல் வழக்கத்துக்குப் பணிந்து கருத்து வேறுபாட்டை விழுங்கியிருந்தால் அது மற்றோர் இரங்கல் செய்தியாகப் போயிருக்கும். சாவை வாய்ப்பாக்கிப் பழைய வழக்கை வென்றதாகக் காட்டியிருந்தால் அது சிறுமை. எதிரி இருந்தால்தான் எதிர்ப்புக்குப் பொருள் என்பதை உணர்ந்த மனிதரின் வருத்தம் அந்தச் சில வாக்கியங்களில் தெரிகிறது. ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானபோது, அரை நூற்றாண்டு அரசியலில் அவரை எதிர்த்தும் நட்பை விடாமலும் இருந்த பெரியார், தொண்ணூற்று மூன்று வயதில், இறுதிச் சடங்குக்குச் சென்று கண்ணீர்விட்டார். 1964இன் அந்தக் குறிப்புக்கு நிகரான மரியாதை அது.

தொரப்பள்ளிக்காரரின் பெயர் தமிழக இரங்கல் வரலாற்றோடு இன்னொரு வகையிலும் பிணைந்திருக்கிறது. திப்பு சுல்தானை வென்றதைக் கொண்டாட, எட்வர்டு கிளைவ் ஆளுநராக இருந்தபோது ஜான் கோல்டிங்காம் வடிவமைத்து 1802இல் சென்னையில் திறக்கப்பட்ட விருந்து மண்டபம், விடுதலைக்குப் பின் ராஜாஜி மண்டபம் ஆனது. ஓசூர் வட்டாரம் திப்புவின் படைகளும் கும்பினிப் படைகளும் மாறி மாறி மிதித்த நிலம். அந்த வெற்றிக்கு எழுந்த கட்டடத்துக்கு அதே வட்டாரத்து மனிதரின் பெயர் அமைந்தது. அண்ணா (1969), காமராசர் (1975), எம்.ஜி.ஆர். (1987), ஜெயலலிதா (2016), கருணாநிதி (2018) ஆகியோரின் உடல்கள் மக்கள் பார்வைக்காக அங்கேதான் வைக்கப்பட்டன.

தலைவர்களுக்குக் கிடைக்கும் அந்த உயரமான படிக்கட்டு தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. அவனுடைய சாவுக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் ஓர் அறிக்கை. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓசூர் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து, தீபாவளி வேலைக்காகத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சென்றிருந்த இளைஞர்கள் பலர் கருகினர். ஆழ்ந்த இரங்கல், குடும்பத்தாருக்கு ஆறுதல், நிவாரணத் தொகை என்ற வரிசையில் இரு மாநில அரசுகளும் அறிக்கைகள் வெளியிட்டன. அத்திப்பள்ளிக்குக் கர்நாடகம் ஐந்து லட்சமும் தமிழ்நாடு மூன்று லட்சமும் அறிவித்தன. நிவாரணம் அவசியமானது, அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பழையபேட்டையில் வெடித்தது பட்டாசா, பக்கத்துக் கடையின் எரிவாயு உருளையா என்பதே அரசியல் வழக்காக மாறியது. அத்திப்பள்ளிக்கு நேரில் சென்ற கர்நாடக முதல்வர் சித்தராமையா பாதுகாப்பு ஏற்பாடுகளின் குறைபாட்டைப் பேசி, வழக்கைக் குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தார்; அந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒட்டி வந்த சொற்களில், இரங்கல் மொழியைவிட அதிக மதிப்புடையது இந்தப் பகுதியே. எந்த உரிமத்தின் பேரில், எவ்வளவு சரக்கு, எத்தனை வாசல் உள்ள அறையில், யாருடைய ஒப்புதலோடு அடுக்கப்பட்டிருந்தது என்பதை ஊர் ஊராக, பெயர் பெயராக, மக்கள் முன் எடுத்துச் சொல்லும் முழு உரையை மாண்டவர்களின் குடும்பங்கள் இரு மாநிலத் தலைவர்களிடமிருந்தும் கேட்பதற்கு முழு உரிமை உடையவை.